சந்தியில் நிற்காத வண்டில்

சாமுவேலைச் சந்தியில் நிற்க வைத்துவிட்டுப் போனவன் நான். தவறிப்போய் அல்ல. வேண்டுமென்றே.

அவன் சோதனைக்குப் பயந்து வராமல் இருந்துவிட்டான் என்று ஊர் சொல்கிறது. அவன் படித்த மிசன் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். என் தம்பி இன்றைக்கும் சொல்கிறான். அது பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்ன வாய் என்னுடையது.

உங்களை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, தெரியாத உங்களுக்கு எழுதுகிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான்... இருக்கட்டும்.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன். என்னைப் பெற்ற ஐயா செத்த வருடம் மண்வெட்டி பிடித்தேன். வெங்காயம் வைத்தேன், புகையிலை வைத்தேன். அம்மாவையும் தங்கச்சியையும் பார்த்தேன். தம்பி சிவபாதத்தைப் படிப்பித்தேன்.

தம்பிக்கு இங்கிலீசு நன்றாக வரும். கணக்கு வராது. மட்றிக்குலேசன் சோதனையில் ஒரு பாடம் தவறினால் எல்லாம் தவறியதாம். அல்ஜிப்ரா, திரிகோணமிதி, மெக்கானிக்ஸ் என்று ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கணக்குக் கொடுத்து விடுவார்கள். அவன் அதை வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பான். காலையில் வெறுங்கொப்பியோடு போவான். பின்னேரம் கை வீங்கி வருவான்.

"ஆரையும் கேட்டுப் படியன்" என்றேன் ஒரு நாள்.

"ஆரைக் கேக்கிறது அண்ணை? ஊரிலை ஆருக்குத் தெரியும்?" நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சாமுவேலுக்குத் தெரியும்."

"எந்தச் சாமுவேல்?"

"எங்கடை பனை ஏற வாற வல்லியின்ரை மகன்."

"சின்னவனோ!"

ஊரில் அவன் சின்னவன். சாமுவேல் என்பது மிசன்காரர் வைத்த பெயர். அந்தப் பெயரை அவன் முகத்துக்கு நேரே நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன். கை தடுக்கவில்லை. வாய்தான் தடுத்தது.

பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். பாதிரியார் அப்படித்தான் இருத்தினார். எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தேன். ஆனால் அது பள்ளிக்கூடம். எங்கள் வீட்டுப் பக்கம் அவனுடைய ஆட்கள் வருவதில்லை. பனை ஏற வந்தால் தோட்டத்தோடு நிற்பார்கள். கிணற்றுக் கட்டைத் தொடமாட்டார்கள். நாங்கள் வகுத்த ஒழுங்கு அது. அவர்கள் வகுத்தது அல்ல.

நான் ஒரு வழி கண்டேன்.

வளவுக்குப் பின்னால் ஓடும் குறுகிய ஒழுங்கைப் பக்கம், எருக்கும்பிக்கு அருகே, ஓலை வேலியில் ஒரு பொட்டு வெட்டினேன். தலையும் ஒரு கையும் நுழையக்கூடிய ஓட்டை. தம்பி உள்ளே பலகை போட்டு அதில் இருந்தான். சாமுவேல் வெளியே ஒழுங்கை மணலில் குந்தினான். மணலைக் கையால் தடவிச் சமப்படுத்துவான். ஈர்க்கால் கணக்கைக் கீறுவான். தம்பி பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்துத் தன் கொப்பியில் எழுதுவான். முடிந்ததும் சாமுவேல் மணலைக் காலால் அழிப்பான். போவான்.

என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்! தம்பிக்குப் படிப்பும் ஆயிற்று. வேலியும் நின்றபடி நின்றது.

அம்மா இருவருக்கும் தேத்தண்ணி கொடுப்பா. தம்பிக்குப் பித்தளை மூக்குப்பேணியில். அவனுக்குத் தேங்காய்ச் சிரட்டையில். அவன் குடித்துவிட்டுச் சிரட்டையை வேலிக் கதியால் தடியில் கவிழ்த்து வைப்பான். அது மழையிலும் வெயிலிலும் அங்கேயே இருந்தது.

அவன் அடக்கமானவன் என்று நினைக்காதீர்கள். அடக்கமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திராது.

ஒரு நாள் தம்பி ஒரு கணக்கோடு மல்லுக்கட்டினான். விடை இரண்டு வருகிறது, எதை எழுதுவது என்று கேட்டான். நான் எருவைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

"அல்ஜிப்ராவிலை அப்பிடித்தான் சின்ன நயினார்" என்றான் சாமுவேல். நயினார் என்பது அவனுடைய ஆட்கள் எங்களை அழைக்கும் சொல். "ரெண்டும் பிறக்கும். ரெண்டும் சரியான பிள்ளையள்தான். ஒண்டை வீட்டுக்கை எடுக்கிறது. மற்றதை வேலிக்கு வெளியிலை விடுறது."

தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் நான் நிற்பது அவனுக்குத் தெரியும்.

இன்னொரு நாள் கிணற்றடியில் 'தொம்' என்று சத்தம். ஓடிப் போனேன். தம்பி கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுக் கை தட்டுகிறான். வேலிக்கு வெளியே சாமுவேல் ஒரு நூலில் கல்லைக் கட்டி ஆட்டிக்கொண்டு எண்ணுகிறான். கல் விழுகிற நேரத்தை வைத்துக் கிணற்றின் ஆழத்தைக் காணும் கணக்காம்.

"குடிக்கிற கிணத்துக்கை கல்லுப் போடச் சொன்னது ஆர்?" என்று கத்தினேன்.

வேலிக்கு அப்பாலிருந்து மெதுவாக மறுமொழி வந்தது: "கல்லு உங்கடை வளவுக் கல்லுத்தான் நயினார். நான் தொடேல்லை."

கயிறு விட்டு அளந்து பார்த்தேன். அவன் சொன்ன ஆழம் இரண்டு முழம் பிழை. எனக்குச் சந்தோசம். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பிழைக்கும்தானே" என்றான் கூசாமல். "கல்லு நேரத்துக்கு விழுந்தது. கைதட்டினவர்தான் பிந்திப்போனார்."

தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் வீட்டில் கண்டதில்லை.

நான் விலகிப் போனதும் அவர்கள் பேச்சு மாறும். அதையும் ஒரு நாள் ஒளிந்து நின்று கேட்டேன்.

"டேய் சிவம், மொக்கு! கோணத்தைக் கண்டாச் செத்த பாம்பைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறாய். பனையின்ரை உயரம் கேக்கிறான், பனையிலை ஏறவோ சொன்னவன்?"

"உனக்கென்ன, உன்ரை கொப்பர் ஏறி அளந்து சொல்லுவார்."

பிறகு சாமுவேல் சொன்னான்: "ஏறாமல் இருக்கத்தானேடா நான் படிக்கிறன்."

ஈர்க்கு மணலில் கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது அந்த ஒன்றுதான். சோதனையில் தேறினால் மிசன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. தேறாவிட்டால் பனை. அதை நான் என் காதால் கேட்டேன். கேட்ட பிறகுதான் செய்தேன்... இதை நீங்கள் மறக்கக்கூடாது. தெரியாமல் செய்தவன் அல்ல நான்.

தம்பி தேறத் தொடங்கினான். கை வீங்கி வருவது நின்றது. வகுப்பில் நடுவில் வந்தான். முதலாவது எப்போதும் சாமுவேல்.

அந்த வருடம் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசினோம். பட்டணம் போகிற தெருவில், பாதி வழியில், கல்வீடு. நல்ல ஆட்கள். நல்ல ஆட்கள் என்றால் என்னவென்று உங்களுக்கு விளங்கும். வேலி, வாசல் படலை, சிரட்டை எல்லாம் எங்களைவிட இறுக்கம். பேச்சு முடிகிற கட்டத்தில் இருந்தது.

சோதனை யாழ்ப்பாணப் பட்டணத்தில். முதல் நாளே கணக்கு. நான் வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு தம்பியையும் வண்டிலில் கொண்டுபோவதாக இருந்தது.

"சாமுவேலும் எங்களோடை வரட்டும் அண்ணை" என்றான் தம்பி.

"நடந்து வரட்டன்."

"பத்துக் கட்டைத் தூரம்! நடந்து களைச்சுப்போய் என்ன எழுதிறது? பஸ்ஸிலையும் அவனைச் சீற்றிலை இருக்க விடாங்கள். வண்டிலிலை எனக்குப் பக்கத்திலை இருந்தானெண்டால் வழியிலை ஒருக்காத் திருப்பிப் பாத்திடுவம். அவன் பக்கத்திலை இல்லாட்டி எனக்குப் பயம் அண்ணை."

எனக்குப் பக்கத்தில் என்றான். அந்தச் சொல்தான் எனக்குள் இறங்கியது. கோயில் விடியற்பூசை மணி அடித்து வெளிக்கிட்டால், வெளிச்சம் வரும் நேரம் அந்தக் கல்வீட்டுப் படலையைக் கடப்போம். அவர்கள் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்பார்கள். என் தம்பியும் வல்லியின் மகனும் ஒரே வைக்கோலில், தோளோடு தோள்...

"ஓம்" என்றேன் தம்பிக்கு.

சோதனைக்கு முதல் நாள் பின்னேரம் பொட்டடிக்குப் போனேன். சாமுவேல் எழுந்து நின்றான். நான் அவனோடு நேரே கதைத்தது குறைவு.

"நாளைக்குக் கோயில் முதல் மணி அடிச்சு வெளிக்கிடுவன். நீ மடத்தடிச் சந்தியிலை நில்."

அவன் முகம் மலர்ந்தது. மறைக்க முயன்றான். முடியவில்லை. "மணிக்கு முன்னமே நிக்கிறன் நயினார்."

"மாடு கிழடு. பிந்தினாலும் பிந்தும். நீ நடக்க வெளிக்கிடாதை. வழியிலை தவறவிட்டிடுவன். நான் வருமட்டும் சந்தியிலையே நில்."

"ஓம் நயினார். அங்கையே நிக்கிறன்."

அப்போதே நினைத்துத்தான் சொன்னேனா?

பல வருடம் என்னை நானே ஏமாற்றினேன். அப்போது நினைக்கவில்லை, படுத்த பிறகுதான் நினைத்தேன் என்று. இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும். நடந்து போயிருந்தால் அவன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். அதையும் அடைத்தேன். வண்டிலில் ஏற்றாதது ஒரு குற்றம். நடக்கவும் விடாதது... அதற்கு என்ன பெயர்?

கோழி கூவும் முன்பே மாட்டைப் பூட்டினேன். தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறினான்.

"மணி அடிச்சிட்டுதோ அண்ணை?"

"வெங்காயம் வெள்ளெனச் சந்தைக்குப் போகவேணும். நீ படு."

"சாமுவேல்?"

"சந்தியிலை ஏத்துவம். படு."

அவன் வைக்கோலில் படுத்துவிட்டான். சந்தி வந்தது. மடத்தில் விளக்கில்லை. ஒருவரும் இல்லை. எப்படி இருப்பார்கள்! மாட்டின் கழுத்துச் சலங்கையைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு வண்டிலுக்கு முன்னால் நடந்தேன். திருடன் நடப்பதுபோல. என் சொந்த மாடு. என் சொந்த வண்டில்.

அந்தக் கல்வீட்டுப் படலையையும் இருட்டிலேயே கடந்தேன். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

பட்டணத்துக்குள் இறங்கும்போது தெருவிளக்குகள் இன்னும் எரிந்தன. தம்பி எழும்பிப் பக்கத்தில் தடவினான்.

"சாமுவேல் எங்கை?"

"சந்தியிலை கனநேரம் நிண்டு பாத்தனான். வரேல்லை."

"வரேல்லையோ?" அவன் தெருவிளக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கடையில் அப்பம் வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றான். சோதனை மண்டபத்துப் படியில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு சூத்திரங்களைச் சொல்லிப் பார்த்தான். நல்ல நேரம் இருந்தது.

வெங்காயத்தை விற்றுவிட்டு நான் திரும்பி வரும்போது மண்டபத்து வாசல் பூட்டியிருந்தது. வாசலில் சாமுவேல் நின்றான். வேட்டி முழங்கால் வரைக்கும் செம்மண். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. காவல்காரனிடம் இங்கிலீசில் ஏதோ கெஞ்சினான். காவல்காரன் தலையை ஆட்டினான்.

நான் ஒரு சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். என்னால்தான் பிந்தினான், பிழை என்னுடையது என்று. பெரிய உத்தியோகத்தர் இரங்கியிருக்கவும் கூடும். சுவரோரம் நின்று மாட்டுக்கு வைக்கோல் உதறினேன். மாடு ஏற்கனவே தின்றுகொண்டுதான் நின்றது.

அன்று பின்னேரம் அவன் பொட்டடிக்கு வந்தான். தம்பி களைத்துப் படுத்திருந்தான். நான் போனேன்.

"நயினார், மணி அடிக்க முன்னமே வந்து நிண்டனான்."

"நாங்களும் நிண்டனாங்கள். உன்னைக் காணேல்லை. நித்திரை கொண்டிருப்பாய்."

"வெயில் ஏறுமட்டும் அங்கையே நிண்டனான்..."

"அப்ப நீ கேட்டது ரெண்டாம் மணி; முதல் மணி அடிச்சுக் கன நேரத்துக்குப் பிறகு வந்திருப்பாய். உங்கடை பக்கத்துக்கு எங்கை மணி வடிவாக் கேக்குது?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. கீழே மணலைப் பார்த்தான். முதல் நாள் கீறிய ஏதோ பாதி அழியாமல் கிடந்தது.

"அப்பிடியோ நயினார்" என்றான். பிறகு கேட்டான்: "சின்ன நயினார் வடிவா எழுதினவரோ?"

"ஓம்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் பொட்டை ஓலை வைத்துக் கட்டிவிட்டேன். சிரட்டையை எடுத்து எறிந்தேன்.

தம்பி தேறினான். ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. சாமுவேல் ஏன் எழுதவில்லை என்று மிசன்காரர் விசாரித்தார்கள். தம்பி நான் சொன்னதைச் சொன்னான். அவனுக்காக வண்டில் நின்றது, அவன் வரவில்லை என்று. படித்த பிள்ளை, நல்ல குடும்பத்துப் பிள்ளை சொன்னால் மறுபேச்சு ஏது? பயந்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். "உவங்களுக்கு எங்கை உந்தப் படிப்பு!" என்று ஊரில் சிரித்தார்கள். நானும் கூட நின்று சிரித்தேன். மறுவருடம் அவனை மறுபடி சோதனைக்கு அனுப்ப மிசன்காரர் இசையவில்லை.

அவன் காலில் தளைநார் போட்டுப் பனை ஏறத் தொடங்கினான்.

தங்கச்சியின் கலியாணம் அந்தக் கல்வீட்டில் நடக்கவில்லை. பேச்சு வேறு காரணத்தால் முறிந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ பெற்றுக்கொண்டதுபோல் இருக்கும். ஒன்றும் பெறவில்லை. அவள் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டாள். நன்றாக இருக்கிறாள்.

கலியாணம்தான் காரணமா? மொக்கு என்று அவன் தம்பியைச் சொன்னதா? தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பா? நான் மண் கொத்தி வளர்த்தவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் வேண்டியிருந்ததா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் போதாது... எல்லாம் சேர்ந்தும் போதாது!

வருடங்கள் போயின. தம்பி இப்போது பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார். பட்டணத்துக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் வீடு. எனக்கு ஒரு மகள், ஒன்பது வயது. சாமுவேல் வருடா வருடம் எங்கள் தோட்டத்துப் பனையில் ஓலை வெட்டி வேலி அடைத்துத் தருகிறான்.

போன பொங்கலுக்குத் தம்பி வந்தான். மகள் சோதனைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். தம்பி அவளை மடியில் இருத்திக் கதை சொன்னான். சாமுவேல் என்று ஒருவன். எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன். ஆனால் சோதனை என்றதும் பயந்து வீட்டிலேயே படுத்துவிட்டான். இன்றைக்கு என்ன ஆனான் பார்!

"உவன் எங்கடை சின்னவனோ?" என்றாள் மகள்.

"ஓம்" என்றான் தம்பி. தன் வகுப்பிலும் வருடந்தோறும் சொல்வதாக அம்மாவிடம் சொன்னான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அடுத்த கிழமை சாமுவேல் ஓலை வெட்ட வந்தான். பனையில் பாதி ஏறியிருப்பான். மகள் வீட்டு மூலையில் நின்று கத்தினாள்:

"சோதினைக்குப் பயந்த சின்னவன்! சோதினைக்குப் பயந்த சின்னவன்!"

மேலே அவன் கால் ஒரு கணம் நின்றது. பிறகு ஏறினான்.

நான் மகளை அடித்தேன். வாழ்நாளில் அவளை அடித்தது அன்றுதான். ஏன் அடிக்கிறாய் என்று அம்மா கேட்டா. அடி விழவேண்டிய இடம் வேறு.

அவன் இறங்கி ஓலையை அடுக்கிக்கொண்டு நின்றபோது போனேன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட நினைத்தேன். வாய் வரவில்லை.

"சின்னவன்... அண்டைக்கு நாங்கள் நிக்கேல்லை. மணிக்கு முன்னம் போயிட்டம்."

அவன் ஓலையை விடவில்லை. "தெரியும்" என்றான்.

"எப்பிடி?"

"கொஞ்ச நாளாய் நான்தான் பிந்திப்போனன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். உங்கடை சொல்லை நம்பினன். பிறகொரு நாள் சிவம் ஒழுங்கையிலை கண்டு கதைச்சவன். தன்ரை சோதினை நாள் கதை. பட்டணத்திலை வந்து முழிக்கேக்கை தெருவிளக்கு எரிஞ்சதாம், அப்பம் தின்னேக்கையும் இருட்டாம்." அவன் ஒரு மட்டையைத் தறித்து எறிந்தான். "பத்துக் கட்டை. கிழட்டு மாடு. மணி அடிச்சு வெளிக்கிட்ட வண்டில் எப்ப போய்ச் சேரும்? சின்னப் பிள்ளையளின்ரை கணக்கு."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்ல? ஆர் நம்புறது?"

அன்று அவன் என்னை நயினார் என்று அழைக்கவில்லை. வேறு எதுவாகவும் அழைக்கவில்லை.

நான் நின்றேன். ஏச மாட்டானா என்று நின்றேன். அவன் ஓலைக் கட்டைத் தோளில் ஏற்றினான். போகும்போது திரும்பிச் சொன்னான்:

"சிவத்துக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தால் அவன் வண்டிலாலை குதிச்சுத் திரும்பி ஓடி வந்திருப்பான். அவன் அப்பிடிப்பட்டவன்."

அவன் முகம் அப்போது கொஞ்சம் இளகியிருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை திருநெல்வேலிக்குப் போனேன். தம்பி பிள்ளைகளின் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள். வழி முழுதும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"தம்பி, அண்டைக்கு நான் சந்தியிலை நிக்கேல்லை."

அவன் கையிலிருந்த சிவப்புப் பென்சில் நின்றது. நிமிரவில்லை. பிறகு பென்சில் மறுபடி ஓடியது.

"தேத்தண்ணி ஆறுது அண்ணை. குடியுங்கோ."

எந்த நாள் என்று அவன் கேட்கவில்லை. எந்தச் சந்தி என்றும் கேட்கவில்லை.

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது. பேணியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "அந்தக் கதையை இனிப் பிள்ளையளுக்குச் சொல்லாதை."

"எந்தக் கதை?" என்றான் தம்பி.

அவன் முகத்தைப் பார்த்தேன். வாத்தியார் முகம். மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால் அந்த வைக்கோலில் எழும்பித் தெருவிளக்கைப் பார்த்த பெடியன்... அவனும் அன்றே கணக்கைப் போட்டிருக்கிறான். விடை கண்டிருக்கிறான். அதை மனதுக்குள் வைத்துக்கொண்டே மண்டபத்துக்குள் போனான்.

சால்வையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

போன கிழமையும் சாமுவேல் வந்தான். மேற்கு வேலியை அடைத்தான். நான் உள்ளே நின்று ஓலையைப் பிடித்துக் கொடுத்தேன். அவன் வெளியே நின்று கட்டினான். சிவம் சுகமாக இருக்கிறானா என்று கேட்டான்.

"ஓம், சுகம்" என்றேன்.